அரை மணி நேரத்தில் இறால் இரவு உணவு: சாஸ் உங்கள் கைப்பக்குவத்தில்

பிள்ளைகள் தனிக் குடித்தனம் போன பிறகு, வீட்டில் இருவரோ ஒருவரோ மட்டும் இருக்கும்போது, இரவுச் சமையல் மெல்லச் சுருங்கிவிடுகிறது. "எனக்கு ஒருத்திக்கு எதற்கு அடுப்பு மூட்டுவது?" என்று இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு குவளைத் தேநீருமாக முடித்துக்கொள்கிறோம். சில நாள் கீழே இறங்கி, உணவங்காடி நிலையத்தில் ஒரு பொட்டலம் கட்டி வாங்கி வருகிறோம். முதல் வழியில் தசைக்கு வேண்டிய புரதம் கிடைப்பதில்லை. இரண்டாவது வழியில் பெரும்பாலும் உப்பு கூடிப்போகிறது.

இந்தக் கையேட்டில் நாங்கள் சொல்லித்தரும் இறால் உணவு இருவருக்கானது. இறாலை உரிக்கும் நேரத்தையும் சேர்த்து ஏறக்குறைய அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கான சாஸைப் புட்டியிலிருந்து ஊற்றப்போவதில்லை, நாமே அரைத்துக்கொள்ளப் போகிறோம்.

சாஸ் என்றதும் கடை அலமாரியில் நிற்கும் புட்டிகள்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் மிளகாயையும் பூண்டையும் புளியையும் அம்மியில் வைத்து அரைத்து, சோற்றோடு பிசைந்து சாப்பிட்டவர்கள் நாம். அதுவும் சாஸ்தான். பெயர்தான் வேறு.

புட்டிக்குள் இருப்பது என்ன?

ஒரு மேசைக்கரண்டி சாதாரண சோயா சாஸில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கும். ஒருவர் ஒரு நாள் முழுவதற்கும் எடுத்துக்கொள்ளக்கூடிய அளவு 2,000 மில்லிகிராம். அது ஒரு தேக்கரண்டி உப்புக்குச் சமம். இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸும் கொஞ்சம் சிப்பி சாஸும் ஊற்றி ஓர் இறால் பிரட்டல் செய்து, அதை ஒருவரே சாப்பிட்டால், அந்த நாளின் கணக்கு ஒரே வேளையில் முடிந்துவிடும். காலையில் சாப்பிட்ட சாம்பாரையும் மதியம் தொட்டுக்கொண்ட ஊறுகாயையும் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, நாம் சராசரியாக ஒரு நாளைக்கு 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொள்கிறோம். பத்தில் ஒன்பது பேர் வரம்பைத் தாண்டுகிறோம். அதே காலக்கட்டத்தில், 18 முதல் 74 வயது வரையுள்ள குடியிருப்பாளர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேற்பட்டோருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. இரத்த அழுத்தம் கூடினால் பெரும்பாலும் உடலில் எந்த அறிகுறியும் தெரியாது. பக்கவாதமோ மாரடைப்போ வந்த பிறகு அது தெரிய வருவதுதான் வேதனை.

வயது ஏற ஏற நாக்கின் சுவையுணர்வு மங்கும். சில மருந்துகளும் அதை மழுங்கச் செய்யும். அதனால் முன்பு போட்ட அதே உப்பு இப்போது போதாதது போலத் தோன்றும். கை தானாகவே இன்னும் கொஞ்சம் போடும். "டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதிலிருந்து சாப்பாடே பிடிக்கவில்லை" என்று வருந்துவோரும் உண்டு. அப்படி வருந்தி, சாப்பிடும் அளவையே குறைத்துக்கொள்வது இன்னும் ஆபத்து. உப்பைக் குறைக்கும்போது அந்த இடத்தை வெறுமையாக விடாமல் புளிப்பு, காரம், மணம், இயற்கையான இனிப்பு ஆகியவற்றால் நிரப்ப வேண்டும். கீழே வரும் சாஸ் அதைத்தான் செய்கிறது. குறைந்த உப்புக்கு நாக்கு பழகச் சில வாரங்கள் ஆகும். இரண்டாம் நாளே கைவிட்டுவிடாதீர்கள்.

இறால் நல்லதா, கெட்டதா?

"கொலஸ்டிரால் இருக்கிறது, இறால் பக்கமே போகக்கூடாது" என்று பலர் பல ஆண்டுகளாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இறாலில் கொலஸ்டிரால் இருப்பது உண்மை. ஆனால் இரத்தத்தில் கெட்ட கொலஸ்டிராலை அதிகம் ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு. அது இறால் சதையில் மிகக் குறைவு. நாம் இறாலோடு சேர்க்கும் கெட்டித் தேங்காய்ப் பாலும் நெய்யும், பொரிக்கும் எண்ணெயும்தான் கவனிக்க வேண்டியவை. இறாலின் தலையில் உள்ள மஞ்சள் கொழுப்பையும் தவிர்த்துவிடுங்கள், எவ்வளவு ருசியாக இருந்தாலும். கொலஸ்டிராலுக்கு மருந்து சாப்பிடுபவராக இருந்தால், வாரத்துக்கு எவ்வளவு இறால் சாப்பிடலாம் என்று உங்கள் குடும்ப மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடுத்தர அளவு இறால் ஐந்து, அதாவது சுமார் 90 கிராம், ஒரு பரிமாறல். அதில் ஏறக்குறைய 18 கிராம் புரதம் கிடைக்கும். இரண்டு துண்டு ரொட்டியில் கிடைப்பதோ அதில் மூன்றில் ஒரு பங்குதான். 50 வயதைக் கடந்தவர்களுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாள்தோறும் சுமார் 1.2 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 72 கிராம். இதைக் காலை, மதியம், இரவு என்று மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுவது நல்லது. தசை வலுவாக இருந்தால்தான் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழலாம், பேருந்தில் ஏறலாம், தடுக்கினாலும் விழாமல் சமாளிக்கலாம். சிறுநீரக நோயாளிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் மருத்துவர் சொல்லும் அளவையே பின்பற்ற வேண்டும்.

யார் இதைச் சமைப்பதற்கு முன் யோசிக்க வேண்டும்?

ஓட்டுமீன் வகைகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் இறாலைத் தொடவே வேண்டாம். இளவயதில் இறாலை நன்றாகச் சாப்பிட்டவர்களுக்கும் பிற்காலத்தில் ஒவ்வாமை வரலாம். சாப்பிட்ட சிறிது நேரத்தில் உதடு வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, மூச்சு திணறினாலோ காத்திருக்காமல் 995 எண்ணை அழையுங்கள்.

கீல்வாதம் எனப்படும் கௌட் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே இறால் சாப்பிட வேண்டும். மூட்டு வீங்கிச் சிவந்து வலிக்கும் நாள்களில் கண்டிப்பாக வேண்டாம். சிறுநீரகக் கோளாறு காரணமாகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு இந்தச் சாஸில் உள்ள தக்காளியும் புளியும் ஏற்றவை அல்ல. உங்கள் உணவியல் வல்லுநரிடம் மாற்று வழி கேளுங்கள்.

இன்னொன்று. "சோடியம் குறைந்த உப்பு" என்று கடையில் விற்பதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருக்கும். பலருக்கு அது நல்ல மாற்றுதான். ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களும், பொட்டாசியத்தை உயர்த்தக்கூடிய சில இரத்த அழுத்த மருந்துகளையும் இதய மருந்துகளையும் சாப்பிடுபவர்களும் மருத்துவரையோ மருந்தாளரையோ கேட்காமல் அதைப் பயன்படுத்தக் கூடாது. பெயரைப் பார்த்து எல்லாருக்கும் நல்லது என்று நினைத்துவிடத் தோன்றும் என்பதால் இதைச் சொல்கிறோம்.

மேற்சொன்ன காரணங்களால் இறால் சாப்பிட முடியாதவர்களுக்கும், சாஸ் ஒத்துக்கொள்ளும் என்றால், இந்தச் சமையல் பயன்படும். இறாலுக்குப் பதில் கெட்டித் தோஃபுவைச் சதுரமாக வெட்டியோ, அவித்த முட்டையை இரண்டாகப் பிளந்தோ போடுங்கள். சாஸுக்கு இறால் ஓட்டுச் சாறு வேண்டாம், வெந்நீர் போதும்.

சந்தையில்

தேக்காவிலோ உங்கள் வட்டாரத்து ஈரச் சந்தையிலோ வாங்கினால், தலை உடம்போடு கெட்டியாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தொங்கும் தலையும், தலையோரம் கறுத்த புள்ளிகளும், மூக்கைத் துளைக்கும் நெடியும் பழைய இறாலின் அடையாளங்கள். கடல் வாசனை இருக்கலாம். அமோனியா நெடி இருக்கக்கூடாது. இருவருக்குத் தலையோடும் ஓட்டோடும் 350 முதல் 400 கிராம் வாங்கினால் போதும். விரல் மூட்டுகளில் வலி இருப்பவர்கள் கடைக்காரரிடமே உரித்துத் தரச் சொல்லுங்கள். ஓட்டையும் தனியே கட்டித் தரச் சொல்லுங்கள், அது நமக்கு வேண்டும்.

பேரங்காடியில் உறைந்த இறால் வாங்குவதிலும் தவறில்லை. தனியாக இருப்பவர்களுக்கு அதுவே வசதி. வேண்டிய ஐந்தாறை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். சில வகைகளில் ஈரம் போகாமல் இருக்க உப்போ பாஸ்பேட்டோ சேர்த்திருப்பார்கள், சோடியம் கூடிவிடும். "இறால்" என்று மட்டும் போட்டிருப்பதே நல்லது. உறைந்ததை முந்தைய இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மறந்துவிட்டால், நீர் புகாத பையில் போட்டுக் குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் வையுங்கள். நம் ஊர் வெப்பத்தில் சமையலறை மேடையில் போட்டு வைப்பது மட்டும் கூடாது.

புட்டிச் சாஸ் வாங்கத்தான் வேண்டும் என்றால், ஊட்டச்சத்து அட்டவணையில் சோடியம் வரியைத் தேடுங்கள். ஆங்கில எழுத்து பழக்கமில்லை என்றால், பேரப்பிள்ளையிடம் ஒருமுறை அந்தச் சொல்லைக் காட்டச் சொல்லி, அதன் உருவத்தை மனத்தில் பதியவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு புட்டிகளை ஒப்பிடும்போது 100 கிராமுக்கு அல்லது 100 மில்லிலிட்டருக்கு எவ்வளவு என்ற பத்தியைப் பாருங்கள். ஒரு பரிமாறலுக்கு எவ்வளவு என்ற பத்தி ஏமாற்றிவிடலாம். ஒரு நிறுவனத்தின் பரிமாறல் ஒரு தேக்கரண்டியாகவும் இன்னொன்றின் பரிமாறல் ஒரு மேசைக்கரண்டியாகவும் இருக்கும். ஆரோக்கியமான தெரிவுச் சின்னம் உள்ள சாஸில் அதே வகைச் சாதாரணச் சாஸைவிட சோடியம் குறைவு. அதற்காக இரண்டு மடங்கு ஊற்றினால் கணக்கு பழையபடியே வந்து நிற்கும்.

சமைப்போம்

சாஸுக்கு நன்றாகப் பழுத்த தக்காளி மூன்று, சின்ன வெங்காயம் ஐந்தாறு, பூண்டு நான்கு பல், கட்டைவிரல் நுனி அளவு இஞ்சி, காய்ந்த மிளகாய் இரண்டு அல்லது மூன்று, நெல்லிக்காய் அளவில் பாதிப் புளி, கறிவேப்பிலை ஒரு கொத்து, அரைத் தேக்கரண்டி சோம்பு. உப்பு கால் தேக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம். எண்ணெய் மொத்தம் மூன்று தேக்கரண்டி. குலா மலாக்கா அரைத் தேக்கரண்டி இருந்தால் தக்காளியின் புளிப்பைச் சமன்செய்யும்; நீரிழிவு உள்ளவர்கள் அதை விட்டுவிடலாம். இறுதியில் பிழிய இரண்டு கலமான்சி.

முதலில் சோற்றை வைத்துவிடுங்கள். பழுப்பரிசி வேகக் கூடுதல் நேரம் எடுக்கும் என்பதால், அதை மதியமே ஊறவைத்துவிடுவது நல்லது. முழுதும் பழுப்பரிசி பிடிக்காவிட்டால் பாதிக்குப் பாதி வெள்ளரிசியோடு கலந்து தொடங்குங்கள். மிளகாயையும் புளியையும் தனித்தனிக் கிண்ணங்களில் வெந்நீரில் போடுங்கள்.

இறாலின் தலையைக் கிள்ளி எறிந்து, ஓட்டை உரியுங்கள். முதுகில் சின்னதாகக் கீறி, கறுத்த நரம்பை எடுங்கள். கத்தி பிடிக்கக் கை நடுங்குகிறது என்றால் சிறு கத்தரிக்கோலால் ஓட்டோடு சேர்த்து முதுகை வெட்டினால் ஓடும் நரம்பும் ஒன்றாக வந்துவிடும். குழாயைப் பெரிதாகத் திறந்து கழுவாதீர்கள், பச்சை இறாலின் நீர் சுற்றிலும் தெறிக்கும். ஒரு கிண்ணத்து நீரில் அலசி எடுங்கள். பிறகு, இதுதான் பலர் செய்யாமல் விடுவது, காகிதத் துண்டால் ஒற்றி ஈரத்தைப் போக்குங்கள். ஈரத்தோடு சட்டியில் போட்டால் இறால் வதங்காமல் தன் நீரிலேயே வெந்து சப்பென்று ஆகிவிடும். பிறகு உப்பைத் தேடத் தோன்றும். கால் தேக்கரண்டி மஞ்சள்தூளும் கொஞ்சம் மிளகுத்தூளும் பிசிறி வையுங்கள். உப்பு வேண்டாம், இறாலிலேயே இயற்கையாகக் கொஞ்சம் சோடியம் உண்டு. பல் செட் அணிபவர்களும் மெல்லச் சிரமப்படுபவர்களும் இப்போதே ஒவ்வோர் இறாலையும் மூன்று துண்டாக வெட்டிவிடலாம். பச்சை இறால் பட்ட பலகையில் அப்படியே வெள்ளரிக்காய் நறுக்காதீர்கள்.

உரித்த ஓட்டை வெறும் சட்டியில் போட்டு, சிவந்து மணம் வரும்வரை வறுங்கள். ஒரு குவளை நீர் ஊற்றி எட்டு நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். ஸ்டாக் கட்டி எதுவும் போடாமல், ஒரு சிட்டிகை உப்புகூட இல்லாமல் ஆழமான சுவை கொண்ட சாறு இது. குப்பைக்குப் போகவேண்டிய ஓடு நம் உப்பைக் குறைத்துத் தருகிறது. கௌட் உள்ளவர்களுக்கு மருத்துவர் இறாலை அனுமதித்திருந்தாலும் இந்தச் சாறு வேண்டாம்.

சாறு கொதிக்கும் நேரத்தில் தக்காளி, வெங்காயம், பூண்டு, இஞ்சி, ஊறிய மிளகாய் எல்லாவற்றையும் அரைத்துவிடுங்கள். காரம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் மிளகாயின் விதையை உதறிவிட்டு அரைக்கலாம். நிறம் இருக்கும், எரிச்சல் குறையும்.

ஒட்டாத சட்டியைச் சூடாக்கி இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, இறாலை ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்புங்கள். ஒரு பக்கம் ஒரு நிமிடம், மறுபக்கம் ஒரு நிமிடம். முழுதாக வேகவேண்டியதில்லை. தட்டில் எடுத்து வையுங்கள். அதே சட்டியில் மீதி ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சோம்பும் கறிவேப்பிலையும் தாளித்து, அரைத்த விழுதை ஊற்றி நடுத்தரத் தீயில் கிளறுங்கள். எண்ணெய் பிரிந்து வரும்வரை காத்திருக்காதீர்கள். நாம் ஊற்றிய எண்ணெய் அதற்குப் போதாது. பச்சை வாசனை போய், கரண்டியால் கோடு இழுத்தால் அந்தக் கோடு ஒரு நொடி நிற்க வேண்டும். அதற்கு ஏழெட்டு நிமிடம் ஆகும். பிறகு புளிக்கரைசல், அரைக் குவளை ஓட்டுச் சாறு, உப்பு, குலா மலாக்கா சேர்த்து இரண்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். பிலாச்சான் வாசம் இல்லாமல் முடியாது என்பவர்கள் ஒரு சிட்டிகை வறுத்துப் போடலாம், ஆனால் அன்று கால் தேக்கரண்டி உப்பை முழுதாக விட்டுவிட வேண்டும்.

அடுத்த நாளுக்குச் சாஸ் வேண்டுமென்றால் இந்தக் கட்டத்தில், இறால் சேர்க்கும் முன்பே, எடுத்து வைத்துவிடுங்கள். மீதிச் சாஸில் இறாலைத் திரும்பப் போட்டு இரண்டு நிமிடம். சாம்பல் நிறம் முழுதும் மறைந்து, சதை இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகி, அரைவட்டமாக வளைந்தால் வெந்துவிட்டது. தலையும் வாலும் தொடும்படி முழுவட்டமாகச் சுருண்டால் அளவுக்கு மீறி வெந்து ரப்பர் போல ஆகிவிட்டது என்று பொருள். தீயை அணைத்த பிறகே கலமான்சியைப் பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் மணம் போய்விடும். உப்பு குறைவதாகத் தோன்றினால் முதலில் இன்னொரு கலமான்சியைப் பிழிந்து பாருங்கள். பெரும்பாலும் நாக்கு தேடியது அந்தப் புளிப்பாகத்தான் இருக்கும்.

கால் தேக்கரண்டி உப்பில் சுமார் 500 மில்லிகிராம் சோடியம். இருவர் பகிர்ந்தால் ஆளுக்கு 250, அதோடு இறாலில் இயல்பாக இருப்பது.

தட்டில் பாதிக்குக் காயும் பழமும், கால் பங்குக்குச் சோறு, மீதிக் கால் பங்குக்கு இறால். சைசிம்மோ கங்கோங்கோ பூண்டோடு வதக்கினால் ஐந்து நிமிடம்தான். அதற்கும் நேரமில்லை என்றால் வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கி, சாப்பிட்டு முடித்ததும் ஒரு துண்டு பப்பாளி.

இறால் சேர்த்ததை அன்றிரவே சாப்பிட்டு முடிப்பதே நல்லது. மீந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் ஆவி பறக்கும்வரை சூடாக்கி ஒரே தடவையில் முடித்துவிடுங்கள். இறால் சேர்க்காமல் எடுத்துவைத்த சாஸ் மூடிய கண்ணாடிப் புட்டியில் மூன்று நாள் தாங்கும். பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்தால் ஒரு மாதம்வரை இருக்கும். தனியாக இருப்பவர்களுக்கு ஒரு வேளைக்கு மூன்று கட்டி போதும். ஒரு நாள் அதில் மீன் துண்டைப் போடலாம், இன்னொரு நாள் முட்டையை உடைத்து ஊற்றலாம். காலையில் தோசைக்குத் தொட்டுக்கொள்ளவும் நன்றாகவே இருக்கும். அன்றைக்குச் சட்னியில் உப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.